பாடியில் ஒரு நாற்காலி எங்கே?



பாடி மேம்பாலத்தை ஒட்டியிருக்கிற பெரிய துணிக்கடைகளுக்கு நீங்க கட்டாயம் போயிருப்பீங்க. தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, ஆடித் தள்ளுபடிக்கு. அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்க. புடவையைப் பார்க்கிற நேரத்தில் ஒரு நிமிஷம், அதைப் பிரிச்சுக் காட்டுற அக்காவோட காலையும் பாருங்க. அப்படியே கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார ஏதாவது இருக்கான்னும் பாருங்க.

இந்தப் பதிவு அந்த நாற்காலியைப் பற்றியதுதான்.

காலுக்கு இறங்கின ரத்தம் மறுபடி மேலேறி இதயத்துக்குப் போகணும். அதைத் தள்ளிவிடுற பம்ப், நம்ம கெண்டைக்கால் தசை. நடந்தால் அது வேலை செய்யும். ஒரே இடத்தில் மணிக்கணக்கா நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். நரம்புக்குள் இருக்கிற வால்வுகள் தளர ஆரம்பிக்கும். முதலில் சாயங்காலமானா கால் வீங்கும். அப்புறம் நீலமா நரம்பு சுருண்டு புடைக்கும். 'வெரிகோஸ்'னு சொல்றோமே, அதுதான். முற்றினால் கணுக்கால் கருத்து, ஆறாத புண்ணாகும். பரம்பரை, பிரசவம் எல்லாமும் இதற்குக் காரணம்தான். ஆனா நாள் முழுக்க நிற்கிற வேலை அதை இன்னும் மோசமாக்கும்.

இதுக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் என்ன அறிவுரை வரும்? எடையைக் குறைங்க, காலை உயர்த்தி வெச்சு உட்காருங்க, நிறைய தண்ணி குடிங்க.

காலை உயர்த்தி வைக்க முதலில் ஒரு ஸ்டூல் வேணும். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் கேட்கணும்னா, தண்ணியே குடிக்காம இருந்துடுவாங்க. சிறுநீர்த் தொற்று அங்கே ஆரம்பிக்குது. லீவு போட்டு டாக்டரைப் பார்த்தா ஒரு நாள் சம்பளம் போகும். அதனால மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு மறுநாளும் நிற்பாங்க. இதில் எந்த இடத்திலாவது அந்த அக்காவோட கெட்ட பழக்கம் ஏதாவது இருக்கா?

நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரி கட்டுறது அவசியம். ஆனா நோய் எங்கே உருவாகுதுன்னு பார்க்கிறதுதான் அரசியல். 1967-ல் லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினாங்க. 'வைட்ஹால் ஆய்வு'ன்னு பேர். எல்லாருமே அரசு வேலையில் இருந்தவங்க, எல்லாருக்கும் இலவச அரசு மருத்துவம் இருந்தது. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம், உயர் அதிகாரிகளை விடச் சுமார் மூன்று மடங்கு! புகை, ரத்த அழுத்தம் எல்லாத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுசா மறையல. வேலையில் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதும் அவர் ஆயுளைத் தீர்மானிக்குது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசில்ல. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில் போட்ட மதிய உணவு, 1956-ல் காமராசர் அதை விரிவாக்கியது, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவு. இதில் எதுவும் மருந்து கிடையாது. ஆனா பிள்ளைகளின் உடம்பைத் தேற்றியதில் இந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு. தட்டில் செய்ததை நாற்காலியிலும் செய்யணும்.

வழி காட்டியது கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், பி. விஜி தலைமையில் 'பெண்கூட்டு'ன்னு அமைப்பாகி, முதலில் கழிவறை கேட்டாங்க, பிறகு உட்கார உரிமை கேட்டாங்க. 2018-ல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும், 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விடணும். இதுதான் சட்டம்.

சட்டம் வந்துடுச்சு. நாற்காலி வந்துச்சா?

பல கடைகளில் ஸ்டூல் கிடக்கு, உட்கார ஆள் இல்லை. ஏன்னா உட்கார்ந்தா 'கஸ்டமர் என்ன நினைப்பாங்க'ன்னு கேள்வி வரும். அந்தக் கஸ்டமர் யாரு? நீங்களும் நானும்தான். நாம் உள்ளே நுழையும்போது ஒருத்தர் உட்கார்ந்திருந்தா நம்ம முகம் சுளிக்குது. யார் முன்னால் யார் உட்காரலாம்னு இந்த ஊரில் ஒரு கணக்கு இருந்துச்சு. துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு நின்ற காலம் அது. அந்தக் கணக்கைக் கிழிக்கத்தான் அரசியலுக்கு வந்தோம்னு மேடை தோறும் பேசுறோம். அதே கணக்கை ஏ.சி. போட்ட கடைக்குள் நாமே எழுதலாமா?

அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, கடைக்குப் போனா 'உட்கார்ந்துக்கிட்டே காட்டுங்கக்கா, பரவாயில்ல'ன்னு சொல்லுங்க. சூப்பர்வைசர் காதில் விழுற மாதிரி சொல்லுங்க.

இரண்டு, உங்க வீட்டிலோ தெருவிலோ கடை வேலைக்குப் போறவங்க இருந்தா, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களான்னு பாருங்க. பத்துப் பேர் வேலை பார்க்கிற கடையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தா அது உரிமை. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு நம்ம பக்கம் போறது சுமார் 113 ரூபாய். இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தா, தகுதி நாட்கள் இருக்கிறவங்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். லீவு போட்டா சம்பளம் போயிடும்னு புண்ணோடு நிற்க வேண்டியதில்லை. ஸ்டூல் இல்லை, இ.எஸ்.ஐ. பிடிக்கலைன்னா உங்க வார்டு தோழரிடம் சொல்லுங்க. தொழிலாளர் துறைக்கும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் மனு எழுதுறதை நாங்க பார்த்துக்கிறோம். வேலை பார்க்கிறவங்க பேர் வெளியே வராது.

மூன்று, இது நம்ம ஆட்களுக்கு. நம்ம கட்சிக்காரர்களிலும் கடை வெச்சிருக்கவங்க நிறைய பேர் இருக்கீங்க. முதல் நாற்காலி உங்க கடையில் விழட்டும். அதைச் செய்யாம அடுத்தவன் கடையைக் கேள்வி கேட்க நமக்கு வாய் இல்லை.

இந்தச் சட்டம் யார் ஆட்சியில் வந்ததுன்னு கமென்ட்டில் சண்டை போட நூறு பேர் வருவீங்க, தெரியும். அதுக்குப் பதிலா, இந்த வாரம் நீங்க போன கடையில் உட்கார இடம் இருந்ததா, இல்லையா? அதை மட்டும் கமென்ட்டில் எழுதுங்க.

#உட்காரும்_உரிமை #பாடி #அம்பத்தூர்