பழைய எடைச்சீட்டு எங்கே?

ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் அந்த எடை மெஷின் நின்றது. கலர் விளக்கு மினுக்கும். சக்கரம் சுற்றி நின்றதும் காசைப் போட வேண்டும். "டக்"கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம்.

எல்லோரும் ஜோசியத்தைத்தான் முதலில் படித்தார்கள். எடையைப் பார்த்து ஒரு சிரிப்பு. அப்புறம் அட்டை தண்டவாளத்துக்குப் போய்விடும்.

அந்த அட்டையை யாராவது பெட்டிக்குள் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தால், இன்றைக்கு அதற்கு மதிப்பு உண்டு. எதற்கு? கணையப் புற்று நோய்க் கணக்குக்கு!

"இப்போ எத்தனை கிலோ?" என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். "20 வயசில் எத்தனை கிலோ?" என்று கேட்கிறவர்கள் குறைவு. கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியையும் சேர்த்துத்தான்.

ஒளிந்து கிடக்கும் உறுப்பு

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ அரை அடி நீளம். சாப்பாடு செரிக்கச் சாறு கொடுப்பதும் அதுதான். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பதும் அதுதான்.

அங்கே கட்டி வந்தால் கையால் தொட்டு அறிய முடியாது. மஞ்சள் காமாலை, முதுகு வரை பரவும் வலி, காரணம் இல்லாமல் இளைப்பது. இவை தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருக்கும்.

2022-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 5 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் வந்தது. அதே ஆண்டில் இந்த நோயால் செத்தவர்கள் சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். இரண்டு எண்ணும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்! அத்தனை வசதி உள்ள அமெரிக்காவிலேயே நோய் கண்ட 100 பேரில் சுமார் 13 பேர்தான் 5 ஆண்டைத் தாண்டுகிறார்கள்.

இந்தியாவில் இது அபூர்வமான நோய்தான். அமெரிக்காவோடு பார்த்தால் பல மடங்கு குறைவு. பீதி அடைய வேண்டியதில்லை. ஆனால் தொப்பையை "வசதியின் அடையாளம்" என்று தடவிக்கொண்டு இருப்பதற்கும் இது காரணம் ஆகாது.

ஏறின கிலோ

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்று நோய் மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள டாக்டர்கள் 841 கணையப் புற்று நோயாளிகளையும், நோய் இல்லாத 754 பேரையும் உட்கார வைத்து, எந்த வயதில் எவ்வளவு எடை என்று கேட்டார்கள். முடிவு 2009-ம் ஆண்டில் வெளிவந்தது.

எடை சரியாக இருந்தவர்களுக்கு நோய் வந்த வயது நடுவாக 64. எடை கூடியவர்களுக்கு 61. மிகவும் பருத்தவர்களுக்கு 59. வாலிபத்தில் ஏறின சதை, நோயை 5 வருஷம் முன்னுக்கு இழுத்து வந்திருக்கிறது.

2011-ம் ஆண்டில் இன்னும் பெரிய கணக்கு வந்தது. 14 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். மொத்தம் 8 லட்சத்து 46 ஆயிரம் பேர். வாலிபத்திலேயே குண்டாக இருந்து, பிறகு இன்னும் பருத்தவர்களுக்கு ஆபத்து 54 சதவீதம் கூடுதல். உடல் பருமன் எண் 10 புள்ளி ஏறினவர்களுக்கு 40 சதவீதம் கூடுதல். ஐந்தரை அடி ஆளுக்கு 10 புள்ளி என்றால் 28 கிலோ! ஒரு அரிசி சிப்பத்தைத் தூக்கி இடுப்பில் கட்டிக்கொண்ட மாதிரி.

2016-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு, அதிகக் கொழுப்பால் வரும் 13 வகைப் புற்று நோய்களைப் பட்டியல் போட்டது. கணையமும் அதில் இருக்கிறது.

ஹவாய் தீவுக் கணக்கு

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வெள்ளைக்காரர்கள் கணக்கு. மற்ற இனத்தாருக்கு?

1993 முதல் 1996 வரை ஹவாய் தீவுகளிலும் கலிபோர்னியாவிலும் 2 லட்சத்து 15 ஆயிரம் பேரைச் சேர்த்தார்கள். வெள்ளையர், கறுப்பர், ஜப்பானிய வம்சத்தார், லத்தீன் அமெரிக்கர், ஹவாய்ப் பூர்வகுடிகள் என்று ஐந்து கூட்டம். பல வருஷம் விடாமல் கவனித்தார்கள்.

2019-ம் ஆண்டில் வந்த முடிவு இது. வெள்ளையரை விட ஹவாய்ப் பூர்வகுடிகளுக்குக் கணையப் புற்று ஆபத்து 60 சதவீதம் அதிகம். ஜப்பானிய வம்சத்தாருக்கு 33 சதவீதம் அதிகம். கறுப்பருக்கு 20 சதவீதம் அதிகம். லத்தீன் அமெரிக்கருக்கு அதிகம் இல்லை.

ஜப்பானியர் ஒல்லியான ஆட்கள் ஆயிற்றே! அவர்களுக்கு எப்படி?

இதே கூட்டத்தில் சுமார் 1,900 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கொழுப்பு ஒரே அளவாக இருந்தாலும், ஜப்பானிய வம்சத்தாருக்கு அது வயிற்றுக்குள், குடலைச் சுற்றி, ஈரலில் போய் உட்கார்ந்திருந்தது. கறுப்பருக்கு வயிற்றுக்குள் மிகக் குறைவு. தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கிலோ கிலோதான்.

ஆனால் ஒன்று. வயிற்றுக் கொழுப்பு குறைந்த கறுப்பருக்கும் நோய் அதிகம் இருக்கிறதே? ஆகவே எல்லாப் பழியையும் கொழுப்பின் தலையில் கட்ட முடியாது. சிகரெட் இருக்கிறது, சர்க்கரை வியாதி இருக்கிறது, பரம்பரை இருக்கிறது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் மிச்சம் நிற்கிறது.

புனே டாக்டரும் லண்டன் டாக்டரும்

இந்தியருக்கு இதில் என்ன என்று கேட்கிறவர்கள், இரண்டு டாக்டர்களின் கதையைக் கேட்க வேண்டும்.

புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். லண்டனில் டாக்டர் ஜான் யுட்கின். 2004-ம் ஆண்டில் இருவரும் தங்கள் படத்தையே மருத்துவப் பத்திரிகையில் போட்டார்கள். இருவருக்கும் உடல் பருமன் எண் 22.3. புள்ளி கூட மாறவில்லை. ஆனால் உடம்பில் கொழுப்பு? லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். புனேக்காரருக்கு 21.2 சதவீதம்! இரண்டு மடங்குக்கும் மேல்.

பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. பாரிமுனையில் பஸ் ஏறும் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்களைத் தேட வேண்டியதே இல்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் வரும்.

அதே 2004-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்கள் 23-லேயே உஷாராக வேண்டும் என்றது. ஆனாலும் உலகப் பொது அளவான 25 அப்படியே நிற்கிறது. 2009-ம் ஆண்டில் இந்திய நிபுணர்கள் 23 தாண்டினால் எடை அதிகம், 25 தாண்டினால் உடல் பருமன் என்று எழுதினார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று எல்லை கட்டினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை அடி குமாஸ்தா ஒருவர். வேலைக்குச் சேர்ந்தபோது 56 கிலோ, இப்போது 69 கிலோ. எண் 24.6. "25-க்குள்தானே சார், நார்மல்!" என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இந்திய அளவில் அவர் 64½ கிலோவிலேயே கோட்டைத் தாண்டிவிட்டார். ஏறின 13 கிலோவைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

எதிர்க்கணக்கும் உண்டு

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆசிய நாடுகளின் பல ஆய்வுகளைச் சேர்த்து 2013-ம் ஆண்டில் பார்த்தபோது, உடல் பருமன் எண்ணுக்கும் கணையப் புற்று மரணத்துக்கும் தெளிவான சம்பந்தம் தெரியவில்லை. "அப்படியானால் பயமே இல்லை" என்று இதற்கு அர்த்தம் செய்வது அவசரம். அந்த ஒற்றை எண் ஆசிய உடம்புக்குப் பொருத்தமான அளவுகோல்தானா என்பதே கேள்வி.

தென்னாட்டில் ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கணையத்தில் கல் உண்டாகும் ஒரு வியாதி முன்பு அதிகம். வந்தவர்களில் பலர் நோஞ்சான்கள், ஏழைகள். இந்தக் கல் வியாதிக்காரர்களுக்குக் கணையப் புற்று ஆபத்து மிக மிக அதிகம் என்று 1994-ம் ஆண்டில் சென்னை டாக்டர்களும் சேர்ந்து செய்த ஆய்வு சொன்னது. அதில் முதல் பெயர் டாக்டர் சுரேஷ் சாரி.

அவரே பிறகு அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் இருந்தபோது இன்னொன்றைக் கண்டார். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வியாதி வந்த 2,122 பேரில், 18 பேருக்கு மூன்றே ஆண்டுக்குள் கணையப் புற்று தெரிந்தது. நூற்றுக்கு ஒன்று கூட இல்லைதான். ஆனால் 50 தாண்டி திடீர் சர்க்கரை, கூடவே எடையும் இறங்குகிறது என்றால் "வாக்கிங் பலன் கொடுக்குது" என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் பழைய எடை தெரிந்திருந்தால்தான் இறங்கியது தெரியும்.

டேப் வாங்க முடியாதா?

குமாஸ்தாவைத் திட்டுவது சுலபம். காலையில் ஒன்றரை மணி நேரம் பஸ், எட்டு மணி நேரம் நாற்காலி, நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும், மறுபடி ஒன்றரை மணி நேரம் பஸ். நடக்கலாம் என்றால் நடைபாதையில் பைக் நிற்கிறது. கல்லாவில் உட்காரும் கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சாப்பிடுகிறார். இவர்களுக்கு உபதேசம் மட்டும் செய்தால் போதாது.

2023-ம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வு, 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்றது. நூற்றுக்கு 39 பேருக்குத் தொப்பை என்றது. வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ம் ஆண்டில் தொடங்கியது. நல்ல காரியம்.

அப்படி வாசல் வரை போகிற ஊழியர் கையில் தையல்கடை டேப் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கம்பெனிகளில் வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் அதே டேப் வேண்டும். 23 என்ற கோட்டை எடை மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதிப் போட வேண்டும். படிவத்தில் "இப்போதைய எடை" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: "20 வயதில் எடை".

ஞாபகம் இல்லை என்பார்கள். கல்யாணச் சட்டை இருக்கும், முதல் வேலைக்குப் போட்ட பெல்ட் இருக்கும். பெல்ட்டில் பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பதை அதே டேப்பால் அளந்து கட்டத்தில் எழுதிவிடலாம்.