பெயரும் அர்த்தமும்

பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க, அர்த்தத்தோடு அகரவரிசைப் புத்தகம் போட்டு விற்கிறார்கள். பெயரின் அர்த்தம் அகராதியில் இருக்கிறது என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை.

அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றோ பிச்சை என்றோ பெயர் வைத்தாள். சாவு இதைச் சீந்தாது என்பது அவள் கணக்கு. மங்கோலியாவில் இதே கணக்கில் 'நெர்குய்' என்று வைக்கிறார்கள். பெயரில்லை என்று அர்த்தம். இந்த அவலட்சணமான பெயர்களில் உள்ள பிரியம் புத்தகத்துப் பெயர்கள் எதிலும் இல்லை.

'போதும்பொண்ணு' வேறு ஜாதி. கேட்க நிறைவாக இருக்கிறது. இனிப் பெண் வேண்டாம் என்று கடவுளுக்குப் போட்ட மனு அது. மராத்தியில் ஒளிவுமறைவே கிடையாது: 'நகுஷி', வேண்டாதவள். 2011இல் சதாரா மாவட்ட நிர்வாகம் விழா வைத்து 285 நகுஷிகளுக்குப் பெயர் மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் வேண்டாம் என்ற மனசுக்கு யார் விழா வைப்பது?

பெயர் மாற்றிக்கொண்டவர்கள் கெஜட்டோடு என் கவுண்டருக்கு வருகிறார்கள். பழைய பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். குப்பன் வெட்கப்பட ஒன்றுமில்லை. போதும்பொண்ணுக்கும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தவர்கள். அவர்கள் யாரும் கவுண்டருக்கு வருவதில்லை.