பெயர் சொல்லி நினைப்போம்

ஆகஸ்டு 15 நம் இல்லங்களில் இரட்டைத் திருநாள். காலையில் விண்ணேற்பு அன்னையின் பெருவிழாத் திருப்பலி. அது முடிந்ததும் ஆலய முற்றத்தில் தேசியக் கொடி. சட்டையில் கொடி குத்திய சிறுவர் மிட்டாய்க்குக் காத்து நிற்க, பெரியவர் ஒருவர் பேசுவார். அப்பேச்சில் தலைவர் பலர் வருவர். போர்க்களம் சென்று மீளாத எளிய படைவீரனோ, ‘எண்ணற்றோர்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிப் போவான். அந்த ஒரு சொல்லைப் பற்றியே இத்திங்கள் வாசகர்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய கட்டடச் சுவர்களில் ஆங்கில அரசினர் பதித்த சிறு கல் ஒன்றைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அது அறிவிக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. ஊராருக்குத்தான் தெரியுமே என்று விட்டனரோ, சம்பளத்துக்குப் போனவனுக்குப் பெயர் எதற்கு என்று விட்டனரோ! நூறாண்டு கடந்த இன்று, மாண்ட அந்த மூவர் அல்லது நால்வர் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டால், விடை சொல்ல அவ்வூரிலேயே ஆளில்லை.

நம் சிவகங்கைச் சீமைக்குப் பெயர்களில் குறைவில்லை. 1772-இல் காளையார்கோவிலில் வீழ்ந்த முத்துவடுகநாதரையும், எட்டாண்டு பொறுத்திருந்து சீமையை மீட்ட வேலுநாச்சியாரையும், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரரையும் அறியாத பிள்ளை இங்கில்லை. சுவரொட்டிகளில் மருதிருவரின் மீசையை வரைவதற்கு நம் ஓவியர்கள் எடுக்கும் சிரத்தை பெரிது! ஆயினும் அந்தத் தூக்குமரத்தோடு கதை முடியவில்லை. எஞ்சியோருள் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கும்பினியார் 1802-இல் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். அவர்களுள் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. அப்போது அவனுக்குப் பதினைந்து வயதளவே இருக்கும்.

கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி 1830-இல் வெளியிட்ட நினைவு நூலில் அவனைப் பற்றி எழுதியுள்ளார். இவர் இளமையில் சின்ன மருதுவிடம் நட்புக் கொண்டு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர். பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்தவர். 1818-இல் பினாங்கு சென்றபோது, தளர்ந்து கூனிய முதியவர் போன்ற ஒருவர் இவர்முன் வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்கு விளங்கவில்லை. துரைச்சாமி என்ற பெயரைக் கேட்ட பிறகே விளங்கியது. அந்த ‘முதியவருக்கு’ அப்போது வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. போரில் மடிந்தவனின் துன்பம் ஒரு நாளில் முடிகிறது. அவன் வீட்டார் அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றனர். தந்தையின் வீரத்தைப் பாடும் நாம் மகனின் அந்தப் பதினாறு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறோமா?

அதே மலாய் நாட்டிற்கும் பர்மாவிற்கும் பிற்காலத்தில் நம் பகுதி மக்கள் தாமாகவே சென்றனர். செட்டிநாட்டார் வட்டிக்கடை வைக்கச் சென்றனர்; ஏழை எளியோர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டச் சென்றனர். 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசியப் படையின் தலைமையை ஏற்றபோது, இத்தோட்டத் தமிழரே திரளாக வந்து சேர்ந்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர்.

சிங்கப்பூரில் நகரத்தார் 1859-இல் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கு நேதாஜியை அழைத்தனர். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் தம்முடன் உள்ளே வர இயலாத இடத்திற்குத் தாம் வருவதற்கில்லை என்றார் அவர். கோயிலார் யோசித்து இசைந்தனர். முஸ்லிம் அதிகாரிகளும் உடன்வர அவர் உள்ளே சென்றார். உடனிருந்த ஆபித் ஹசன் இதை எழுதி வைத்திருக்கிறார். களத்தில் ஒன்றாகச் சாக வேண்டியவர் கோயில் வாசலில் பிரிந்து நிற்கலாகாது என்பதைச் செட்டிநாட்டார் அன்று ஏற்றுக்கொண்டது, காரைக்குடி பெருமையுடன் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. நம் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர் எழுப்பியவர் உண்டென்பதால், இதை நாமும் சற்று நிதானமாகவே படிப்பது நல்லது.

அப்படையில் மாண்ட, பெயரறியாத வீரருக்கென 1945 சூலை 8 அன்று நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு திங்கள்கூட அது நிலைத்து நிற்கவில்லை. திரும்பி வந்த ஆங்கிலப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர். உயிரோடு ஊர் திரும்பியவர் கதியோ வேறு. 1972-இல் மைய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தபோது, ஆறு திங்கள் சிறையிருந்ததற்குச் சான்று கேட்டது. ஏட்டில் பெயரில்லாதவர், உடன் சிறையிருந்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சான்று பெறவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளி எவரைத் தேடிப்போவார்?

இவை பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2020 சூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் இருபதின்மர் மாண்டனர். அவர்களுள் ஒருவரான ஹவில்தார் பழனி, நம் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே உள்ள திருவாடானை வட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்தவர். அவருக்கு வழங்கப்பட்ட வீர் சக்ரா விருதை அவர்தம் மனைவியே குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டார். விருது பெற்ற வீடு ஊருக்குத் தெரியும். எல்லையில் நோயாலோ விபத்தாலோ மாண்டவரின் வீட்டையும், கையிழந்து காலிழந்து திரும்பியவரின் வீட்டையும் அடுத்த தெருவினரே அறிவதில்லை.

இறந்தோர்க்காக மன்றாடும் நம் வழக்கத்துக்குத் திருநூலில் நாம் காட்டும் சான்று போர்வீரரைப் பற்றியது. போரில் மடிந்த தம் வீரருக்காக யூதா மக்கபே ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளி திராக்மா திரட்டி, பலி ஒப்புக்கொடுக்குமாறு எருசலேமுக்கு அனுப்பினார் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் கூறுகிறது. மாண்டவரிடம் குறை இருந்ததையும் அந்நூல் மறைக்கவில்லை. குறையுள்ளவர் என்பதனால்தான் அவர்களுக்காக மன்றாடினார். படைவீரரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை; மறவாதிருந்தால் போதும்.

எனவே வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பங்கில் படையில் பணியாற்றி மறைந்தோர் எவரெவர் என்று இந்த ஆகஸ்டு முதலே விசாரியுங்கள். எந்தச் சமயத்தவராயினும், எந்தப் போராயினும், தேசியப் படையாயினும் சரி. பெயர், ஊர், தெரிந்தால் மறைந்த ஆண்டு: இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுத்தால், நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் பெயர் சொல்லி மன்றாட இயலும். விசாரிக்கப் போகும் வீட்டில் விதவைத் தாய் இருப்பாராயின், ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா, உயிர்ச்சான்று கொடுத்தாயிற்றா என்பதையும் கேட்டு வாருங்கள். இல்லையெனில், நம் இளைஞர் ஒருவர் அவருடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்வரை பேருந்தேறிச் சென்று வரட்டும். டிசம்பர் 7 கொடிநாள் உண்டியல் வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம்.