குரைப்புக்குத் தெரியாத எல்லை

தெருநாய்கள் குறித்துத் தாமாக முன்வந்து விசாரித்த உச்சநீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவோ, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலியவற்றிலிருந்து அகற்றப்படும் நாய்களை அங்கே திரும்பவிடக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் அடிப்படை நாய்க்கடி. நள்ளிரவில் உறக்கத்தைக் கெடுக்கும் குரைப்பு பேசுபொருளாகவில்லை.

புதுச்சேரியின் காலாப்பட்டில் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மத்திய சிறை, மீனவர் குடியிருப்புகள் அனைத்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டியே உள்ளன. இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியருக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் இது அற்பச் சங்கடமன்று.

நாய் காரணமின்றிக் குரைப்பதில்லை. அந்நிய நாய் எல்லைக்குள் நுழைந்தால் ஒன்று குரல்கொடுக்கும்; மற்றவை தொடரும். இணைசேரும் பருவத்தில் ஆண் நாய்களின் போட்டி இதைப் பன்மடங்காக்கும். கருத்தடை இந்தப் போட்டியைத் தணிக்கிறது. வெறுமனே அகற்றினாலோ, விடுதிச் சமையலறைக் கழிவும் மீன் கழிவும் இருக்கும்வரை வெளிநாய்கள் அவ்விடத்துக்கு வரும். எல்லைச் சண்டை புதிதாகத் தொடங்கும். உத்தரவில் சுற்றுச்சுவரும் வேலியும் வலியுறுத்தப்பட்டிருப்பது இதனால்தான் முக்கியம்.

இன்னொரு சிக்கல் உண்டு. காலாப்பட்டு, விழுப்புரம் மாவட்டம் சூழ்ந்த புதுச்சேரி நிலம். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி கருத்தடைப் பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது. இங்கே உழவர்கரை நகராட்சி. பொம்மையார்பாளையம் பக்கம் தமிழக உள்ளாட்சி. ஒருபக்கம் மட்டும் நடக்கும் கருத்தடை, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதே. இரு நிர்வாகங்களும் ஒரே மாதத்தில் இப்பணியை நடத்துவதற்குச் சட்டத் தடையேதுமில்லை.

வளர்ப்பு நாய் விஷயம் வேறு. பகலெல்லாம் சங்கிலியில் கட்டுண்டு தனிமையில் கிடக்கும் நாய் குரைக்காமல் என்ன செய்யும்? அதட்டினால், எஜமானரும் உடன் குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளக்கூடும். காலை, மாலை நடை, தெருவைப் பார்க்காதபடி வாயிற்கதவில் ஒரு மறைப்பு, அமைதியானவுடன் ஒரு துண்டு பிஸ்கட் ஆகியவை பெரும்பாலும் பலன் தரும். வயதான நாய் திடீரென இடைவிடாது குரைத்தால் வலியோ செவிக்குறைவோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இவற்றுக்குப் பின்னும் தீராத தொல்லைக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் நிர்வாக நடுவரை அணுகலாம். ஆனால், அண்டை வீட்டுக்காரரிடம் பகல்வேளையில், கோபம் ஆறியபின், ஒருமுறை பேசிவிட்டுச் செல்வது நல்லது. பகலெல்லாம் வெளியே வேலையிலிருக்கும் அவருக்கு, தம் நாய் அவ்வளவு நேரம் குரைப்பதே தெரியாமல் இருக்கலாம்.