சீட்டில் தலையணை வைத்தால் காரின் மானம் போய்விடுமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோருக்கும் வெளியிலிருந்து எடுத்த போட்டோதான் ஞாபகம் வரும். நீளமான பானட், ஸ்போக் சக்கரம், வளைந்த மட்கார்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவனின் முழங்கால் எங்கே இடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த முழங்காலைப் பற்றியது.

பி.காம். படிக்கிறவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்பீர்கள். என் சித்தப்பா டிரைவர். சென்னைக்காரர் ஒருவர் திருவண்ணாமலையில் வாங்கியிருக்கும் பண்ணை வீட்டில் உள்ள பழைய கார்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதில் ஒன்று எம்.ஜி. டி.சி. இன்று ஹெக்டர் கார் விற்கிறார்களே, அதே எம்.ஜி. பெயர்தான். ஆனால் இது இங்கிலாந்தில் ஆபிங்டன் ஊரில் 1945 முதல் 1949 வரை செய்த இரண்டு பேர் கார். 1250 சிசி இன்ஜின். மொத்தமே சுமார் 10,000 கார்கள்தான் செய்தார்கள்.

பார்த்தால் கண் கூசும் அழகு. உட்கார்ந்தால் வேறு கதை.

ஸ்டீயரிங் பெரிய தாம்பாளம் மாதிரி நெஞ்சுக்கு மிக அருகில் நிற்கும். வலது முழங்கையை மடக்க உள்ளே இடம் கிடையாது. அதனால்தான் கதவின் மேல்பக்கத்தை அரைவட்டமாக வெட்டி விட்டிருக்கிறார்கள், கை வெளியே நீட்டிக்கொள்ளட்டும் என்று! காலை வைக்கிற இடம் குறுகல். அகலமான ஷூ போட்டால் ஒரு பெடலை மிதிக்கப்போய் இன்னொன்றும் சேர்ந்து அமுங்கும். இன்ஜின் சூடு நேராகக் காலுக்கு வரும். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் இது எப்படி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

இதில் பெரிய வேடிக்கை டேஷ்போர்டு. டிரைவர் எதிரே இருப்பது ஆர்.பி.எம். மீட்டர். ஸ்பீடோமீட்டர் பக்கத்து சீட்டுக்காரர் எதிரே! மணிக்கு 30 மைலைத் தாண்டினால் எரிய ஒரு சின்ன விளக்கு மட்டும் டிரைவருக்கு. வண்டி ஓட்டுவது ஒருவர், எவ்வளவு வேகம் என்று பயப்படுவது இன்னொருவர்.

இது எம்.ஜி.க்கு மட்டும் வந்த வியாதி இல்லை. லம்போர்கினி கவுன்டாச் (1974 முதல் 1990 வரை வந்தது) காரில் பின்னால் பார்க்கவே முடியாது. கதவை மேலே தூக்கி, பக்கவாட்டு விளிம்பில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டித்தான் ரிவர்ஸ் எடுப்பார்கள். நம் ஊர் மினி பஸ்ஸில் கண்டக்டர் இறங்கி "வா வா" என்று தட்டுவது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் ரசிகர்கள் "அதுதான் சார் அந்தக் காரின் கேரக்டர்" என்கிறார்கள். பாதி உண்மை. தானே ஆசைப்பட்டு ஏற்றுக்கொள்கிற கஷ்டத்தில் ஒரு சுகம் உண்டு. வலது காலில் கியர் போடுகிற பழைய புல்லட்டை விற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காரும் அவர்களுடையது, முதுகும் அவர்களுடையது.

என் கேள்வி, முதுகு வேறொருவருடையதாக இருந்தால் என்ன நியாயம் என்பதுதான்.

2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய வாகனத்தை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். சரியான விதிதான். நடைமுறையில் என்ன ஆகிறது? ரேலிக்கு ஓட்டுபவர் முதலாளி, வருடத்தில் இரண்டு நாள். பராமரிப்புக்கு ஓட்டுபவர் டிரைவர், மீதி வாரம் எல்லாம். வெளிநாட்டில் இந்தக் கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே ஓட்டுகிறவர்கள். நம் ஊரில் கார் ஒருவருக்கு, கேபின் இன்னொருவருக்கு.

எங்கள் பாடத்தில் இதற்கு எக்ஸ்டர்னாலிட்டி என்று பெயர். லாபம் ஒருவன் கணக்கில், செலவு இன்னொருவன் தலையில். பக்கத்து வேலூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றுக்குச் செய்தது இதுதான். 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவனே செலவைக் கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சித்தப்பாவின் இடுப்புக்கு உச்ச நீதிமன்றம் எல்லாம் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் வைக்க ஒரு ஸ்பான்ஞ் தலையணை போதும். கிட்டத்தட்ட ஆறடி உயரம் அவர். முன்பு 18 வருடம் லாரி ஓட்டியவர், டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழி முழுவதும் எம்.ஜி. மேல் இல்லை. ஆனால் தலையணை கேட்டதற்கு வந்த பதில்: "ஒரிஜினாலிட்டி போயிடும்பா."

ஒரிஜினாலிட்டி! சரி, அந்தக் காரைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

டி.சி. என்பதே போருக்கு முன்பு வந்த டி.பி. மாடலின் கேபினைச் சுமார் 4 அங்குலம் அகலப்படுத்தியது. இடிக்கிறது என்று தெரிந்ததால் அகலப்படுத்தினார்கள். ஜாகுவார் ஈ-டைப் 1961இல் வந்தது. கால் நீட்ட இடமில்லை என்று தெரிந்ததும் 1962லேயே தரையைப் பள்ளமாக்கினார்கள். மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் (1954) வாசல் விளிம்பு உயரம், ஏறி இறங்குவது கஷ்டம். அதற்காக ஸ்டீயரிங்கையே மடங்குகிற மாதிரி வைத்தார்கள். ஃபோர்டு ஜி.டி.40 தரையிலிருந்து கூரை வரை 40 அங்குலம்தான். டான் கர்னி என்ற உயரமான ரேஸ் டிரைவருக்காகக் கூரையில் தலை அளவுக்கு ஒரு புடைப்பு வைத்தார்கள். இன்று அந்தப் புடைப்புக்கே "கர்னி பபிள்" என்று பெயர், ரசிகர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

ஆக, செய்தவன் ஓட்டுகிறவனைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தான். 70 வருடம் கழித்து வாங்கியவன்தான் தொடாதே என்கிறான்.

காரை விடுங்கள். திருவாரூர் ஆழித்தேரை விடப் பழமை போற்றுகிற விஷயம் உண்டா? அதற்கே திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஓடுகிற சக்கரத்துக்கு எதிரே நின்று முட்டுக்கட்டை போடுகிறவர்களின் உயிருக்கும் கை காலுக்கும் அது எவ்வளவு பாதுகாப்பு! தேரின் புனிதம் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒரிஜினல் தேர் இல்லை என்று வடம் பிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை.

எம்.ஜி.க்கு ஏ.சி. போடு, பவர் ஸ்டீயரிங் மாட்டு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அது அந்தக் காரே இல்லை. ஓட்டை போடாமல், வெட்டாமல், ஒட்டாமல், ஐந்து நிமிடத்தில் கழற்றி வைக்கக்கூடியது எதுவோ அதைச் செய்யலாம் என்பது என் கட்சி. ரேலி அன்று எடுத்துவிடலாம், நடுவர் கண்ணுக்கே தெரியாது. மீதி நாட்களில் அந்த சீட்டில் உட்காருகிற மனிதருக்குத் தெரியும்.

தலையணை விலை 300 ரூபாய் இருக்கும். அதற்கும் மனசு வராத முதலாளிகளுக்கு ஒரே ஒரு யோசனை: ஒரு மாதம் பராமரிப்பு ஓட்டத்தையும் நீங்களே ஓட்டிப் பாருங்கள். தலையணை எந்தக் கடையில் கிடைக்கும் என்று நீங்களே கேட்பீர்கள்.