அறிமுகம் முதலில், தேவை பிறகு



மஃரிபுக்குப் பின் நடைபெறும் நமது மக்தபில் சென்ற ஆண்டு நடுவில் ஒரு சிறுவன் புதிதாகச் சேர்ந்தான். வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியவன். அவன் வந்து அமர்ந்ததும் பக்கத்திலிருந்தவன் பெயர் கேட்டான். இன்னொருவன் நகர்ந்து இடம் கொடுத்தான். பாடம் முடிவதற்குள், அவனுடைய வாப்பா வேலையிழந்து மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி அந்த வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. "எங்க மாமா கடையில கணக்கெழுத ஆள் தேடுறாங்க. நான் சொல்றேன்" என்றான் பத்து வயதுப் பிள்ளை ஒருவன். மறுநாள் சொல்லியும்விட்டான்.

அந்தத் தந்தையை நாமும் அறிவோம். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு ஜும்ஆவிலும் நமக்கு இரண்டு ஸஃப்பு தள்ளித் தொழுதவர். ஸலாம் சொல்வோம்; முஸாஃபஹா செய்வோம்; "நலமா?" என்போம், "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் நடந்த ஒரு வலீமா விருந்துக்குப் பெருவணிகர் ஒருவர் வந்திருந்தார். மதரஸாக் கட்டட வேலையை மனத்தில் வைத்து, அவருக்கு அருகில் அமர்ந்துவிட நாம் விரைந்துகொண்டிருந்தோம். வழியில் அந்தத் தந்தை கை நீட்டினார். நமது கை அவருடைய கையில் இருந்தது. கண்ணோ வணிகர் இருந்த பக்கம் இருந்தது. அவர் எதையோ சொல்ல வந்து சொல்லாமலே விலகிப் போனார் என்பது, மக்தபில் அந்தப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்ட பின்னரே நமக்கு உறைத்தது.

திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான 'அபஸ'வைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்கள் நாம். குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களை நாடி, பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தபோது இறங்கிய வசனங்கள் அவை. தலைவர்கள் நேர்வழிக்கு வந்துவிட மாட்டார்களா என்னும் தூய ஆவலில் ஏற்பட்ட முகச்சுளிப்பையே அல்லாஹ் சுட்டிக்காட்டினான் என்றால், சொந்தக் கணக்கு வழக்குகளுக்காக எளியவரைக் கடந்து செல்லும் நமது நிலை என்ன?

தொழிலிலும் வேலையிலும் முன்னேற நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். அது உண்மைதான். ஆனால் அந்த நாலு பேரைத் தேடும் முறையில்தான் பிழை செய்கிறோம். பத்தாண்டுகளாகப் பெருநாள் வாழ்த்துக்கூட அனுப்பாத நண்பருக்குத் திடீரென வாட்ஸ்அப்பில் ஒரு ஸலாம் போகிறது. அடுத்த செய்தியிலேயே மகனின் பயோடேட்டா போகிறது. ஸலாம் எதற்காக வந்தது என்பது அவருக்கு விளங்காமலா இருக்கும்? நம்மிடம் தேவை முதலில் பிறக்கிறது. அறிமுகம் அதன் பின்னால் ஓடி வருகிறது. பிள்ளைகளிடமோ அறிமுகம் முதலில் வந்துவிடுகிறது; தேவை எழும்போது உதவி பக்கத்திலேயே இருக்கிறது.

அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் கூறுவதை இஸ்லாத்தின் சிறந்த செயல்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். சிறுவர்களைக் கடந்து செல்லும்போது அவர்களுக்கும் அண்ணலார் ஸலாம் கூறியதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பயன் தருபவரா என்று எடைபோட்ட பிறகு சொல்லப்படும் ஸலாமுக்கு இந்த வழிமுறையில் இடமில்லை.

பிள்ளைகளிடம் கற்க வேண்டிய இரண்டாவது பாடம், தேவையை வெளிப்படையாகச் சொல்வது. "எனக்கு இந்த எழுத்து வரவில்லை, சொல்லித் தா" என்று கேட்பதில் அவர்களுக்கு வெட்கமில்லை. நாமோ மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அந்த வணிகம் பிறகு பெருகியது. வழி கேட்பது கையேந்துவது ஆகாது. கேட்டவருக்கு வழி காட்டுவதும் சிறிய உதவி ஆகாது.

பிள்ளைகளின் முறையை அப்படியே பின்பற்றிவிடவும் முடியாது. ஒருவரது வீட்டுச் சிரமத்தை அவர்கள் வரிசை முழுவதற்கும் சொல்லிவிடுவார்கள்; நாம் அதைத் தனியே கேட்டு, மறைத்துக் காக்க வேண்டும். சிபாரிசு செய்யும்போது தகுதியை உள்ளபடி சொல்ல வேண்டும்; அது அமானிதம். நல்ல சிபாரிசு செய்பவருக்கு அந்த நன்மையில் பங்குண்டு என்றும், தீய சிபாரிசுக்கும் அவ்வாறே பங்குண்டு என்றும் சூரா அந்நிஸாவின் 85ஆம் வசனம் அறிவிக்கிறது.

அந்தச் சிறுவன் சொன்ன கடையில் அதற்குள் வேறொருவர் வேலைக்கு அமர்ந்துவிட்டார். எனினும் கடைக்காரர் அந்தத் தந்தையைத் தமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவரிடம் அனுப்பிவைத்தார். இன்று அங்கேதான் கணக்கெழுதுகிறார். அவரைத் தேடிச் சென்று நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத்? பிள்ளை நல்லா ஓதுறானா?" என்று மட்டும் கேட்டார். செய்தியைக் கொண்டுபோன சிறுவனோ, தான் செய்ததையே மறந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டான்.

வரும் ஜும்ஆவில் ஸலாம் கொடுத்து முடித்ததும் செருப்பைத் தேடி விரையாமல், பக்கத்தில் தொழுதவரிடம் சற்று நின்று பேசுவோம். "நலமா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை காத்திருப்போம்.

அறிந்தவர், அறியாதவர் அனைவரையும் மதிக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.