குறைந்த கதிர்வீச்சுக்கு நீண்ட கணக்கு வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். குறைந்த அளவுக் கதிர்வீச்சு மனித உடலை என்ன செய்கிறது என்று நீண்ட காலம் ஆராய, மாநில அரசு நிலையான நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

தென்மாவட்டங்களில் இந்தக் கேள்வி பல வாசல்களில் நிற்கிறது. குமரிக் கரையின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் கதிர்வீச்சு வெளியிடும் தோரியம். கூடங்குளத்தில் அணு உலைகள். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டிலும் இயல்பாகவே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. சி.டி. ஸ்கேனுக்காகச் சிவகங்கை, விருதுநகர், தேனியிலிருந்து மதுரைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! ஸ்கேன் உயிர் காக்கிறது; அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், “இதனால பின்னாடி ஏதாவது வருமா சார்?” என்று கேட்டால், “ஒண்ணும் ஆகாது” என்ற பதில்தான் கிடைக்கிறது. குமரிக் கரையில் கேட்டாலோ, “புற்றுநோய்க்கெல்லாம் இந்த மண்ணுதான் காரணம்” என்பார்கள். இரண்டு பதிலுக்கும் பின்னால் போதிய கணக்கு இல்லை.

கணக்கெடுத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், இதே மோனசைட் மணல் உள்ள கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் புற்றுநோய்ப் பதிவேடு நடத்திவந்தது. 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சால் அது கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறுதலான செய்திதான். ஆனால் அந்த 1,379இல் இரத்தப் புற்றுநோய் 30 மட்டுமே. முப்பது பேரை வைத்து எந்தப் பக்கமும் உறுதியாகச் சாய முடியாது.

2023இல் வேறொரு முடிவு வந்தது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுசக்தித் தொழிலாளர்கள் 3,09,932 பேரை ஆராய்ந்ததில், உறுப்புகளில் கட்டியாக வளரும் புற்றுநோய்களால் இறக்கும் வாய்ப்பு ஒரு கிரே கதிர்வீச்சுக்கு 52 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். 100 மில்லிகிரே, அதாவது ஒரு கிரேயில் பத்தில் ஒரு பங்கு, பெற்றவருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5 விழுக்காடு. இத்தனை சிறிய வித்தியாசம் கண்ணில் பட வேண்டுமானால் லட்சக்கணக்கானவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டும். மூன்றாண்டுத் திட்டநிதியில் ஒரு பேராசிரியர் செய்துவிடக்கூடிய வேலையல்ல. இதில் லாபம் இல்லாததால் எந்தக் கம்பெனியும் செய்யாது. அரசுதான் செய்ய வேண்டும்.

பொறுமையான ஆராய்ச்சி மதுரைக்குப் புதிதல்ல. சின்னச் சொக்கிகுளத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம், மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஊர் இது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இங்கேதான் இருக்கிறது. கண்ணைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகளில் கண்வில்லை ஒன்று; அதில் புரை விழும். முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே அது நேரலாம் என்று கண்டு, பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் தொழிலாளர் கண்ணுக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து (உடல் பாதிப்பைக் கணக்கில் கொள்ளும் கதிர்வீச்சு அலகு) சராசரி 20க்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் ஆண்டுக்கணக்கில் எக்ஸ்-ரே அருகே நிற்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், டெக்னீஷியன்களின் கண்களை ஆண்டுதோறும் சோதித்துப் பதிவு செய்ய மதுரையைவிடப் பொருத்தமான ஊர் எது?

அந்தக் கண் சோதனையிலிருந்து தொடங்குங்கள். கூடவே, அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் ஒவ்வொரு சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு அளவும் நோயாளியின் பதிவில் ஏற ஆணையிடுங்கள். இயந்திரமே அந்த எண்ணைக் காட்டுகிறது. சேர்த்து வைக்கத்தான் ஆள் வேண்டும். குமரிக் கரையில் வீடு வீடாக அளந்து, கருநாகப்பள்ளியைப் போன்ற தொடர் ஆய்வை நடத்துங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஆய்வு அணுசக்தித் துறையின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. உலையை நடத்தும் துறையே “பாதிப்பில்லை” என்றால், அது உண்மையாகவே இருந்தாலும் கூடங்குளம் உலைக்கு அருகிலுள்ள இடிந்தகரையில் யார் நம்புவார்கள்? உங்கள் துறை நடத்தட்டும். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடட்டும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தலைப்பு திறந்து, குறைந்தது இருபது ஆண்டுகளுக்கு நிதி உறுதி தாருங்கள்.

இப்படிக்கு,
மதுரைக் குடிமகன் ஒருவன்